தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அழைத்து வந்திருக்கிறோம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல் சேமிப்பு நோட்டீஸ் கொடுத்தார்கள். அதிலிருந்து இரண்டு கம்பெனிக்காரர்கள் மாறி மாறி போன் செய்கிறார்கள். மாதத் தவணையும் உண்டாம். மாப்பிள்ளைக்கு ஆசை. எந்தக் கம்பெனி நல்லது, டாக்டர்?
- ஒரு வாசகி, அல்லிநகரம், தேனி

பதில்: தலைப்பிரசவம் என்கிறீர்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது அம்மா. தொப்புள்கொடி ரத்தம் பெரும்பாலும் உதவுவது, அதைக் கொடுத்த குழந்தைக்கு அல்ல. நோயுள்ள அதன் அண்ணனுக்கோ அக்காவுக்கோதான். 1988இல் பாரிஸில் நடந்த முதல் சிகிச்சையே அப்படித்தான்: பிறந்த தங்கையின் ரத்தம் அண்ணனுக்குப் போனது. மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்தால், சேமிக்கச் சொல்லி நானே எழுதித் தருவேன்.

தன் ரத்தம் தனக்கே உதவும் என்பதுதான் விளம்பரம். பரம்பரை நோய் என்றால் அதே கோளாறு அந்த ரத்தத்திலும் இருக்குமே! முதல் 20 வயதுக்குள் அது தனக்கே பயன்படும் வாய்ப்பு 2,500 பேரில் ஒருவர் முதல் 2 லட்சம் பேரில் ஒருவர் வரைதான் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். வருங்காலத்தில் தனக்கே உதவும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதும் அவர்கள் சொன்னதே. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே உடன்பிறந்தோரின் எலும்பு மஜ்ஜையைக் கொண்டு மாற்று சிகிச்சை நடக்கிறது. அதற்கு எதையும் முன்கூட்டிச் சேமித்து வைக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை விடவில்லை என்றால், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி பிரசவமானால் தேனியிலிருந்து ஆய்வகத்துக்கு ரத்தம் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும், உயிருள்ள அணுக்களின் எண்ணிக்கையை எழுத்தில் தருவார்களா, அது குறைந்தால் பணம் திரும்புமா, கம்பெனியை மூடினால் சேமித்த ரத்தப் பை யார் பொறுப்பு என்று கேளுங்கள். தொப்புள்கொடித் திசு, பல் என்று கூடுதல் பேக்கேஜ் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொப்புள்கொடி ரத்தம் தவிர மற்றவற்றை வணிக ரீதியாகச் சேமிக்க ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில் ஒப்புதல் இல்லை.

பெரிய பெயரை மட்டும் நம்பவும் முடியாது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டிய சரக்கு இது. சிங்கப்பூரில் கார்ட்லைஃப் நிறுவனத்தின் சில தொட்டிகளில் வெப்பநிலை தவறியதை 2023 நவம்பரில் அந்நாட்டு சுகாதார அமைச்சு வெளியிட்டது. ஒரே தொட்டியில் சுமார் 2,200 பைகள் பாழாயின.

என் முடிவு: உங்களுக்கு இது வேண்டாம். குழந்தை பிறந்ததும் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்துக் கொடியை வெட்டினால், அந்த ரத்தம் குழந்தைக்கே போய் இரும்புச்சத்தைக் கூட்டும். செலவே இல்லை. பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.