திருக்கோயிலுக்கு மலர் தரும் வீட்டுப் பூந்தோட்டம்

சரியைத் தொண்டுகளிலே திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், விளக்கிடுதல் என்பவற்றோடு பூந்தோட்டம் அமைத்து மலர் கொய்து கொடுத்தலும் ஒன்றாகும். திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் இத்தொண்டினாலேயே அறுபத்துமூவருள் ஒருவரானார். கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் விடியுமுன் கொய்து, வகைவகையாக மாலை தொடுத்துச் சாத்தியவர் அவர்.

இன்று பல ஆலயங்களில் திருவிழாக் காலப் பூக்கள் கடையிலிருந்தே வருகின்றன. மாலைக்கு அது உதவலாம்; நித்திய பூசைக்கு உதவாது. காலையில் விரியும் செவ்வரத்தை மாலைக்குள் வாடிவிடும். அதைக் கட்டிவைத்து விற்க இயலாது. ஆலயத்துக்கு அயலிலுள்ள வளவுகளில் பூத்தால்தான் பிள்ளையாருக்கும் அம்பாளுக்கும் அது கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது காலமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. எல்லாம் கிணற்று நீரே. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழைதான் செடிக்கு வேர் பிடிக்க உதவும். சித்திரையில் ஆசைப்பட்டு நட்ட கன்று, வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கியதும் கருகிப்போவதைப் பலர் கண்டிருப்பர். மகோற்சவங்களிற் பல வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையிலேயே வருகின்றன. அதாவது, பூ அதிகம் வேண்டிய காலமும் நீர் குறைந்த காலமும் ஒன்றே. ஆகவே திருவிழாவுக்குப் பூ வேண்டுவோர் முந்திய ஐப்பசியிலேயே நட்டுவிட வேண்டும்.

இடம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு போதும். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது வெயில் படவேண்டும்; கிணற்றுக்கு அண்மையாக இருந்தால் நல்லது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, மேல்மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெரு கலந்து நிரப்பி, சில நாட்கள் ஆறவிட்டு நடவேண்டும். புதுச் சாணம் இட்டால் அதன் சூட்டில் இளவேர் அழுகும்.

கன்றுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் தடியிலேயே முளைக்கும். பென்சில் பருமனுள்ள முற்றிய தடியை 8 அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டி, நுனியில் இரண்டொரு இலைகளை மட்டும் விட்டு, பாதி மண்ணுள் இருக்குமாறு நட்டு நிழலில் வைக்கவேண்டும். தளிர் கண்டவுடன் பிடுங்கி நடுவது தவறு; தளிர் முதலில் வரும், வேர் பிறகுதான் வரும். ஒன்றரை மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். முல்லை, மல்லிகைக்குப் பதி வைத்தல் எளிது. தாய்க்கொடியை வளைத்து ஒரு கணுவை மண்ணில் புதைத்து மேலே கல் வைத்தால், இரண்டு மாதத்தளவில் வேர்விடும். அதன் பின் வெட்டிப் பிரிக்கலாம்.

செவ்வரத்தைக்கு 4 அடி இடைவெளி விடுக. நெருக்கி நட்டால் வெண்மாப்பூச்சி இலகுவில் பரவும். எறும்பு வரிசை ஏறுவதே அதன் அறிகுறி. அத்தளிரை ஒடித்து எரித்து, சவர்க்காரம் சிறிது கரைத்த நீரைத் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். மல்லிகை புதுத்தளிரிலேயே பூப்பது; தையில் மழை ஓய்ந்ததும் பழங்கொடிகளைத் தயங்காது கத்தரிக்க வேண்டும். வெட்ட மனமில்லாதவர் வீட்டு மல்லிகையில் இலைதான் மிஞ்சும்!

கோடையில் அடிமரத்தைச் சுற்றிக் காய்ந்த சருகு பரப்பினால் மண் ஈரம் காக்கும். அரிசி கழுவிய நீரையும் ஊற்றலாம். பூச்சாடி வைப்போர் அடித்தட்டில் தேங்கும் நீரை ஊற்றிவிட வேண்டும். டெங்கு நுளம்பு பெருகுவது அத்தகைய நீரிலேதான். பொன்னலரி பூசைக்குரியதாயினும் அதன் பால், இலை, காய் யாவும் கடும் நஞ்சு. சிறு பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அதை நடாது விடுவதே நலம்.

என்ன மலரை நடுவது என்பதில் ஆலய வழக்கமும் பார்க்கப்படும். விநாயகருக்குத் துளசியும், சிவபெருமானுக்குத் தாழம்பூவும், உமாதேவியாருக்கு அறுகும் ஆகா என்பதை நாவலர் பெருமானின் சைவ வினாவிடை குறிப்பிடுகின்றது. உங்கள் ஆலயத்துக்கு எது குறைவு என்று குருக்கள் ஐயாவிடம் கேட்டு நடுதல் சிறப்பு.

மலர் கொய்யும்போது நீராடித் தூய்மையாகச் சென்று, உதிர்ந்ததையும் பூச்சி அரித்ததையும் நீக்கி எடுக்கவேண்டும். விடியற்காலையில் ரோச் லைற்றுடன் அயலவர் வேலியில் பூப்பறிப்போரும் உளர். அவர்களும் ஒரு தடி கேட்டு வாங்கித் தம் வளவில் நட்டால், அடுத்த திருவிழாவுக்குச் சொந்தச் செடியிலேயே பூ இருக்கும்.