முதலில் தாளம், பிறகு சுரம்

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது கௌதள்ளி. சிவராத்திரிக்கு மலைக்கு நடக்கும் பக்தர்கள் இந்த வழியாகப் போவார்கள். மாதேஸ்வரன் கதையைப் பாடும் கம்சாளேக் கலைஞர்கள் கையில் வெண்கலத் தாளம் வைத்திருப்பார்கள். பாடுகிறவர் கதையை ஓரிடத்தில் நீட்டுவார், ஓரிடத்தில் சுருக்குவார். தாளம் மட்டும் விலகாது. கிட்டார் பழகுகிறவர்கள் ஒருமுறையாவது இதை நின்று கேட்க வேண்டும்.

தாளம்தான் முதலில் என்ற உண்மை இதை எழுதுபவருக்கு உறைக்கப் பல மாதங்கள் ஆயின.

அவர் எடுத்துக்கொண்ட முதல் பாட்டு ‘இளைய நிலா’. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது, கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அதற்கு இசையமைத்த இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், இசையமைப்பாளர் ஆகும்முன் பிறருடைய பாடல்களுக்குக் கிட்டார் வாசித்தவர். எந்த வாத்தியம் எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். அப்படிப் பிறந்த பாட்டில் ஒரு சுரம்கூடப் பிசகக் கூடாது என்று நினைத்தது தப்பில்லை. அந்தப் பிடிவாதத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டதுதான் தப்பு. தொடக்கத்தில் வரும் கிட்டார் பகுதியிலேயே எழுதுபவர் வாரக்கணக்கில் நின்றார். பல்லவிக்குப் போகவே இல்லை. வீட்டில் யாருக்கும் அது என்ன பாட்டு என்று தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய நாடாப் பதிவுகள் சில, இன்றைய டியூனர் சொல்லும் 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலோ கீழோ நிற்கும். கேப்போவை எந்த ஃப்ரெட்டில் மாட்டினாலும் சேராது. விரல் சரியாகத்தான் இருக்கும், காது தப்பு என்று சொல்லும். அப்படியான பாட்டுக்குக் கம்பிகளையே பதிவோடு ஒத்துவரும்படி முறுக்கிக்கொள்ள வேண்டும், அல்லது பதிவை மறந்துவிட்டுத் தன் குரலோடு வாசிக்க வேண்டும்.

பிறகு அவர் முறையை மாற்றினார். முதல் வாரம் நாலைந்து கார்டு மட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழ்க் கம்பியில் ஒரு அடி, மேலே இரண்டு அடி. மெட்ரோநோம் மெதுவாக ஓட, நடுவில் எங்கே பிசகினாலும் நிற்காமல் பாட்டின் கடைசிவரை போய்விடுவது. எஃப் கார்டுக்குப் பட்டை பிடிக்க முடியாதவர் நான்கு கம்பியில் மட்டும் பிடித்தால் போதும். பாட யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது: பாடுகிறவர் காத்திருக்க மாட்டார், விரல் தானாக முன்னே நகரும்.

பிசகிய இடங்களைத் திருத்தத் தனியாகப் பத்து நிமிடம். ஒரு நாளுக்கு இரண்டே தாளச் சுற்றுகள். யூடியூபில் வேகத்தை 0.75க்கு இறக்கினால் சுருதி மாறாது. சிக்கலான பிளக்கிங்கைக் காதால் பிரித்தெடுக்கலாம். இந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் கறார் வேண்டும், எந்தச் சலுகையும் கூடாது.

டேப் என்னும் எண்வரிசையை முழுதும் நம்பவும் முடியாது. எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று அது சொல்லும், எஸ்.பி.பி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் நெளிவைச் சொல்லாது. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா கம்பியை இழுத்தும் வழுக்கியும்தான் கமகத்தைக் கொண்டுவருகிறார். எண் அத்தனையும் சரியாக இருந்தும் பாட்டு வராமல் போவது இதனால்தான்.

சுரத்துக்குச் சுரம் அச்சாக இல்லாவிட்டாலும் பாட்டு உயிரோடு இருக்கும் என்பதற்கு ‘இளைய நிலா’ மெட்டே சாட்சி. 1983இல் ‘கலாகார்’ இந்திப் படத்தில் கல்யாண்ஜி ஆனந்த்ஜி இசையில் கிஷோர் குமார் குரலில் ‘நீலே நீலே அம்பர் பர்’ ஆக அது வந்தது. வேறு மொழி, வேறு குரல்; வடக்கே இன்றும் கிட்டார் பழகுகிறவர்கள் அதை விரும்பி வாசிக்கிறார்கள்.

உங்களிடம் பாதியில் நிற்கும் பாட்டு ஒன்று இருந்தால், இன்று மாலை அதைப் பிசகோடு கடைசிவரை ஒருமுறை வாசித்துவிடுங்கள். திருத்தத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.