நாள்பட உழைக்கும் உடைகள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது ஒரு பழமொழி. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது மற்றொன்று. முன்னது நல்லுடை வேண்டும் என்கிறது. பின்னது இருப்பதைப் பேணு என்கிறது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் நான் முதல் பழமொழியை மட்டும் நம்பினேன். அதனால் பட்டதையும் பின்னர் கற்றதையும் மாணவ நண்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பெற்றோர் காட்டு வேலைக்குச் செல்பவர்கள். சேர்க்கை முடிந்த மறுநாள், சீட்டு எடுத்த பணத்திலிருந்து 750 ரூபாயை அம்மா என் கையில் கொடுத்து, "நாலு பேரு மத்தியில உக்காரப் போற, நல்லதா வாங்கிக்க கண்ணு" என்றார். நான் சந்தைக்குச் சென்று, 250 ரூபாய் வீதம் பளபளப்பான சட்டைகள் மூன்று வாங்கினேன். ஒவ்வொன்றையும் வாரத்துக்கு இரண்டு முறை உடுத்தினேன். தீபாவளிக்குள் ஒன்று அக்குளில் தையல் விட்டது. ஒன்று சுருங்கி, கையைத் தூக்கினால் வயிறு தெரிந்தது. மூன்றாவது சாயம் கக்கித் தங்கையின் வெள்ளைச் சீருடையைச் செந்நிறமாக்கிவிட்டது. அவள் அதோடுதான் இரண்டு வாரம் பள்ளிக்குச் சென்றாள். அம்மா ஒரு சொல்லும் கூறவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

நாரின் இயல்பு

துணியின் குணம் அதன் நாரிலேயே தொடங்குகிறது. பருத்தி, செல்லுலோஸ் என்னும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அச்சங்கிலியில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருப்பதால் அது நீரை ஈர்க்கிறது. சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. சித்திரை வெயிலில் அச்சட்டைக்குள் உடல் புழுங்குவதன் காரணம் இதுவே.

ஆயினும் பாலியெஸ்டரை முற்றிலும் பழிப்பது நேர்மையன்று. 1941ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் உருவாக்கிய அந்த நார், தேய்மானத்தைத் தாங்கும், அதிகம் கசங்காது, விரைவில் உலரும். மழைக்காலத்தில் இரவு துவைத்ததைக் காலையில் உடுத்த வேண்டியவனுக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல. எனவே கால்சட்டைக்குக் கலப்புத் துணியும், சட்டைக்குப் பருத்தியும் ஏற்றவை என்பது என் முடிவு.

இன்னொரு வேறுபாடும் அறியத்தக்கது. பருத்தி நனைந்தால் அதன் வலிமை கூடும். ரேயான் நனைந்தால் ஏறத்தாழப் பாதி வலிமையை இழக்கும். இரண்டும் செல்லுலோஸே, ஆனால் ரேயான் கரைத்து மீண்டும் இழுக்கப்பட்ட நார். ஆகவே பருத்தி வேட்டியைக் கல்லில் அடித்துத் துவைப்பது போல ரேயான் சுடிதாரை அடித்தால் அது நெடுநாள் தாங்காது.

நூலும் சாயமும்

கடைக்காரர் "நாற்பதாம் நம்பர், எண்பதாம் நம்பர்" என்று கூறக் கேட்டிருப்பீர்கள். 840 கெஜ நீளமுள்ள நூற்சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுவே அந்த எண். எண் கூடினால் நூல் மெலியும். எண்பதாம் நம்பர் துணி மென்மையானது. நாள்தோறும் பேருந்தில் நசுங்கும் நமக்கு நாற்பதே நன்று. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளியின்றி நெருக்கமாக நெய்யப்பட்டிருக்க வேண்டும். இரு கட்டைவிரல்களாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அங்கேதான் பின்னாளில் தையல் விடும்.

சாயத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையைத் துணியின் ஓரத்தில் தேய்த்தாலே போதும். ரியாக்டிவ் சாயங்கள் செல்லுலோஸுடன் வேதிப்பிணைப்பு கொள்வதால் நன்கு துவைத்து முடித்த துணியில் நிலைத்து நிற்கும். நேர்ச்சாயங்கள் அவ்வாறு பிணைவதில்லை. ஆதலால் எளிதில் கழன்றுவிடும். இதை முதலாண்டிலேயே அறிந்திருந்தால் தங்கையின் சீருடை தப்பியிருக்கும்!

தையற்காரர் கற்பித்த பாடம்

தீபாவளிக்குப் பின், பந்தி பரிமாறச் சென்று சேர்த்த கூலி 750 ரூபாயோடு எங்கள் ஊர்த் தையற்காரரிடம் சென்றேன். துணிக்கு 450, கூலிக்கு 300 என்று கணக்குச் சொன்னார். "துணியை வாங்கியாந்து மொதல்ல ஒரு ராத்திரி தண்ணியில போடு கண்ணு. சுருங்கறது எல்லாம் இப்பவே சுருங்கட்டும்" என்றார். இதில் அறிவியல் உண்டு. நெய்யும்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல், நீர் பட்டவுடன் இழுவை தளர்ந்து தன் இயல்பு நீளத்துக்குத் திரும்புகிறது. ஆலையிலேயே துணியை முன்கூட்டிச் சுருக்கும் சான்ஃபரைசிங் முறைக்கு 1930இல் சான்ஃபோர்டு கிளூயட் என்பவர் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு வாளித் தண்ணீரும் அப்பணியில் ஒரு பகுதியைச் செய்துவிடும்.

ஆயத்த சட்டையானாலும் அதை உட்புறம் திருப்பிப் பார்க்கச் சொன்னார். தையல் நெருக்கமாக இருக்கிறதா? ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்திருக்கிறதா? பிரித்து விடுவதற்கு உள்ளே துணி மடித்து விடப்பட்டிருக்கிறதா? காஜா உறுதியாக இருக்கிறதா? காலர் தேய்ந்தால் பிரித்துத் திருப்பிப் போடலாம் என்பதையும் அவரிடமே அறிந்தேன்.

பழமையாகாத பாங்கு

எங்கள் வீட்டுச் சுவரில் சின்னத் தாத்தாவின் 1978ஆம் ஆண்டுத் திருமணப் படம் மாட்டியிருக்கிறது. நாய்க்காது காலரும் மணி போல் விரிந்த கால்சட்டையுமாக நிற்கும் அவர் தோழரைப் பார்த்து வீட்டுக் குழந்தைகள் சிரிக்கின்றன. பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்கும் சின்னத் தாத்தாவைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. வெள்ளை, இளநீலம், சாம்பல் போன்ற நிறங்களும், அளவான காலரும், உடலுக்குப் பொருந்திய தையலும் எக்காலத்துக்கும் ஏற்றவை. ஒரே நிறக் கால்சட்டை எல்லாச் சட்டைக்கும் பொருந்துவதால் எண்ணிக்கையும் குறையும்.

பேணும் முறை

வியர்வை உப்பு காய்ந்து இறுகும் முன், உடுத்திய அன்றே அலசிவிட வேண்டும். சலவைத் தூளைக் கூட்டுவதால் வெண்மை கூடாது, சாயமே குறையும். வெளுப்புத் தூள் செல்லுலோஸ் சங்கிலியை ஆக்சிஜனேற்றத்தால் அறுத்துவிடும். உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்துவது நன்று. பாலியெஸ்டர் சுமார் 260 பாகை செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே சூடான தேய்ப்புப் பெட்டி அதில் அழியாத மினுமினுப்பை ஏற்படுத்திவிடும். முக்கியமாக, ஓரங்குலக் கிழிசலை அன்றிரவே தைத்துவிட வேண்டும். ஊசிநூல் பிடிப்பதில் ஆண்பிள்ளைக்கு ஓர் இழுக்குமில்லை.

கணக்கும் ஆறும்

மூன்று மலிவுச் சட்டைகளும் ஒவ்வொன்றும் 30 முறை வீதம் 90 முறை உழைத்தன. ஒரு முறைக்கு ஆன செலவு 8 ரூபாய் 33 காசு. தைத்த சட்டையை உடுத்தும் நாட்களை நாட்காட்டியில் குறித்து வந்தேன். இதுவரை 104 முறை. செலவு 7 ரூபாய் 21 காசு. இலாபம் சிறிதே. ஆனால் முந்தையவை கரித்துணியாகிவிட்டன. இதன் காலரை இன்னும் திருப்பிப் போடவே இல்லை. ஒன்றை மறைக்கலாகாது. 750 ரூபாயை ஒரே சட்டைக்குக் கொடுக்க ஏழைக்கு ஒரே நாளில் இயலாது. மலிவைத் தேடுவது அவன் அறியாமை அன்று. அவன் கைமுதல் அவ்வளவே. ஆகவேதான் நான் ஆறு மாதத்துக்கு ஒன்றாகச் சேர்த்தேன். இடையில், "உன் சட்டைக்கு விடுமுறையே கிடையாதா?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். முதலில் சுட்டது; இப்போது நானே அதைச் சொல்லிச் சிரிக்கிறேன்.

எங்கள் ஊர் நொய்யல் பக்கம். சாயமிடும் தொட்டியில் துணியோடு உப்பும் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. சாயம் நாரில் ஏற அது உதவும். ஆனால் உப்பு நாரில் தங்காது, கழிவுநீரோடு போகும். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் இத்தகைய நீரே வந்து தேங்கியது. கழிவை வெளியேற்றும் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. நான்கு மாதத்தில் எறியும் சட்டையின் உண்மை விலையில், சீட்டில் எழுதாத இந்த உப்பும் சேரும்.

முடிவுரை

அம்மாவின் கைத்தறிச் சேலை ஒன்று, அவர் உடுத்தியபின் தங்கைக்குத் தூளியாயிற்று. பிறகு தலையணை உறையாயிற்று. இன்று அடுப்படியில் கைபிடித் துணியாக இருக்கிறது. நான் பாடநூலில் தேடியதை அவர் வாழ்ந்தே காட்டியிருக்கிறார்.

என்னிடம் இப்போது இருப்பவை மூன்று சட்டைகளும் இரண்டு கால்சட்டைகளும் மட்டுமே. அவை போதுமானவை. அடுத்த ஆண்டு தங்கை கல்லூரியில் சேர இருக்கிறாள். இம்முறை சீட்டுப் பணத்தில் எனக்கென ஒரு ரூபாயும் வேண்டாம் என்று அம்மாவிடம் கூறிவிட்டேன். அவள் துணி எடுக்கச் செல்லும் நாளில் நானும் உடன் செல்வேன். பையில் நனைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கும்.