கோடு விழாவிட்டால் என்ன அர்த்தம்?

இந்த எபிசோட்டில ‘வொல்பாக்கியா’ எண்டு அடிக்கடி கதைச்சோம். அதை லாப்பில எப்படிக் கண்டுபிடிக்கிறது எண்டு சீஜெப் படிக்கிற ஆக்களுக்காக எழுதுறேன்.

வொல்பாக்கியா பூச்சியின் உயிரணுவுக்குள்ளேயே வாழும் பாக்டீரியா. 1924-இல் ஹெர்டிக், வொல்பாக் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு நுளம்புக்குள் இதைக் கண்டார்கள். பூச்சியினங்களில் ஏறத்தாழப் பாதியில் இது இருக்கலாம் என்பது கணிப்பு. தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அதனால் அதுக்குப் பெண்தான் வேணும். தோட்டத்தில கல்லைப் புரட்டினால் உருண்டையாகச் சுருளுமே ஒரு சாம்பல் பிராணி, அதில் ஒரு வகையில் ஆணாக வளரவேண்டியதையே இது பெண்ணாக்கிவிடும்!

அமெரிக்காவில் ‘வொல்பாக்கியா புரொஜெக்ட்’ என்று மாணவர்களுக்கான லாப் பாடம் இருக்கு. பூச்சியைப் பிடித்து எதனோலில் வைக்கிறது, நசுக்கி டி.என்.ஏ. எடுக்கிறது, பி.சி.ஆரில் பெருக்குகிறது, ஜெல்லில் ஓடவிட்டுக் கோடு பார்க்கிறது. ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு: 30 சுற்றில், கணக்குப்படி, ஒன்று 107 கோடியாகும்.

கோடு விழுந்தால் ‘இருக்கு’. விழாவிட்டால்? ‘இல்லை’ எண்டு உடனே எழுதக்கூடாது. டி.என்.ஏ.யே வராமல் போயிருக்கலாம். சேர்வர் அலாரம் அடிக்கவில்லை என்றால் சேர்வர் நலமா, அலாரம் செத்துப்போச்சா? அதே கேள்விதான். அதனால் ஒரே பூச்சியில் இரண்டைத் தேடுவார்கள்: பூச்சியின் சொந்த மரபணுத் துண்டு, சுமார் 700 எழுத்து, வொல்பாக்கியாவின் துண்டு, 438 எழுத்து. முதல் கோடு இருந்து இரண்டாவது இல்லையென்றால்தான் ‘இல்லை’ என்ற பதிலுக்கு மதிப்பு. இரண்டுமே இல்லாவிட்டால் அது முடிவே இல்லை, திரும்பச் செய்யவேணும். வெறும் தண்ணீர் குழாயிலும் கோடு விழுந்தால் எங்கேயோ கலந்துபோச்சு. அண்டைக்கு ஓடவிட்ட எதையும் நம்பேலாது. எனக்கு இந்தப் பாடத்தில் பிடிச்சதே அந்தத் தண்ணீர் குழாய்தான்.

இது பரீட்சைப் புள்ளியோட நிற்கிற விஷயமில்லை. டெங்குவை முக்கியமாகப் பரப்பும் நுளம்பில் வொல்பாக்கியா இயல்பாக இருப்பதில்லை. உள்ளே வைத்தால் டெங்கு வைரஸ் அதில் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படி நுளம்புகளை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு சொன்னது. கொழும்பில் 2020-இல் நுகேகொடை, மட்டக்குளி பகுதிகளில் விட்டார்கள். புதுச்சேரியின் நோய்க்கடத்தி ஆய்வு மையமும் அப்படியான நுளம்புகளை வளர்த்திருக்கு. விட்டபிறகு ஊர் நுளம்புகளைப் பிடித்து, எத்தனையில் வொல்பாக்கியா நிலைச்சிருக்கு எண்டு பார்ப்பதும் பி.சி.ஆரில்தான். கெட்டுப்போன மாதிரிகளையும் ‘இல்லை’ கணக்கில் சேர்த்தால், அங்கே திரும்ப நுளம்பு விடுறதா வேண்டாமா என்ற முடிவே பிழைக்கும்.