பருக் களிம்பை அளக்கப்போகிறவளுக்கு



பெரியகல்லாற்றிலிருந்து கொழும்புக்குப் போய் மருந்துத் தர ஆய்வுகூடத்தில் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னா. முதல் வேலையே முகப்பரு ஜெல்லாமே! குளிசையைவிட லேசு என்று நினைத்துவிடாதே. களிம்பு தன் மருந்தை லேசில் விடாது. எச்.பி.எல்.சி. இயந்திரம் எவ்வளவு விலையானாலும், நீ பிரித்துக் கொடுத்ததை மட்டுந்தான் அது எண்ணும்.

ஆகவே மருந்து சேர்க்காத வெறுங்களிம்பில் நிறை தெரிந்த மருந்தைக் கலந்து, பிரித்தெடுத்துப் பார். நூறு போட்டு எண்பத்தைந்து வந்தால், குறை டியூபில் இல்லை, உன் முறையில். டியூபின் வாய்ப்பக்கத்தில் மட்டும் மாதிரி எடுக்காதே. நடுவையும் அடியையும் தனியாக அள. ஏனென்றால் பரு ஜெல்லிலுள்ள மருந்தான பென்சோயில் பெரொட்சைட்டு தண்ணீரில் கரையாமல், ஜெல்லுக்குள் நுண்துகளாகக் கிடப்பது.

அதை அளக்க உயர்தரத்தில் படித்த அயடீன் நியமிப்பே போதும். அசற்றோனில் கரைத்து, பொற்றாசியம் அயடைட்டுச் சேர்த்து, வெளிவரும் அயடீனைத் தயோசல்பேற்றால் நியமிக்கலாம். ஆனால் காற்றிலுள்ள ஒட்சிசனும் அயடைட்டை அயடீனாக்கும். மருந்து சேர்க்காமல் செய்யும் வெற்று நியமிப்பைத் தவிர்த்தால் மருந்து கூடுதலாகக் காட்டும். கெடத் தொடங்கிய ஜெல்லும் பாஸாகிவிடும்.

இன்னொரு பரு மருந்தான ட்ரெடினோயினுக்கோ வெளிச்சம் ஆகாது. மண்ணிறக் கண்ணாடியும் மங்கல் வெளிச்சமும் இல்லாமல் அதைத் தொடாதே. பென்சோயில் பெரொட்சைட்டோடு கலந்து வெளிச்சத்தில் வைத்தால் இரண்டு மணித்தியாலத்தில் பாதிக்கு மேல் அழிந்துவிடும் என்று 1998இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே சோதனையில் அடபலீன் என்ற பரு மருந்து அசையவில்லை.

வெப்பம் இன்னும் பெரிய வில்லங்கம். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வலிஷர் ஆய்வகம், பென்சோயில் பெரொட்சைட்டுப் பொருட்களை 50 பாகைச் சூட்டில் வைத்தபோது சிலவற்றில் பென்சீன் 2 பிபிஎம் எல்லையைப் பல நூறு மடங்கு தாண்டியதாக அறிவித்தது. பென்சீன் புற்றுநோய் தருவது, ஊரே கலங்கியது. ஓராண்டு கழித்து, 95 பொருட்களைச் சோதித்த முடிவை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. வெளியிட்டது. 90 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் அகப்படவில்லை, அல்லது மிகச் சொற்பம். ஒருசிலவற்றை மட்டும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பென்சோயில் பெரொட்சைட்டு சிதைந்தே பென்சீன் பிறக்கிறது. அளக்கும்போது நீ சூடாக்கினால், இல்லாத பென்சீனை நீயே உண்டாக்கிவிடக்கூடும். அதற்காக 50 பாகையை வீண்பயம் என்றும் நான் தள்ளமாட்டேன். நம்மூரில் வெயிலில் பூட்டி நிற்கும் வானுக்குள் மருந்துப் பெட்டி இருப்பதை யார் காணவில்லை? எந்தச் சூட்டில், எத்தனை நாள் வைத்த மாதிரி என்பதை எழுதாத அறிக்கையில் கையெழுத்து வைக்காதே.

லீவில் வரும்போது கல்லாற்றுப் பாமசிகளில் அந்த ஜெல்லை எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா