வேகமாக உழுதால் வேலை முடியுமா?

மலைச்சரிவில் ட்ராக்டர் ஏறாது. நமக்கு முள்ளும் மம்பட்டியும்தான். ஆனாலும் கீழ்நாட்டில் குத்தகைக் காணி செய்கிறவர்களும், ட்ராக்டர் ஓட்டப் போகிற பிள்ளைகளும் நம்ம குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பாடம்.

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுப் பக்கம் உள்ள வண்ணாத்திவில்லுவை எடுத்துக்கொள்வோம். கஜூ விளையும் வறண்ட பூமி. மணல் கலந்த சிவப்பு மண்ணில் தண்ணீர் நிற்காது. பெரும்போக மழையை நம்பித்தான் விதைப்பு. அந்த மழையை மண்ணுக்குள் இறக்குவது உழவு. உழவு மேலோட்டமாகப் போனால் அந்தப் போகத்துக் காசும் போச்சு.

எந்தக் கலப்பை?

தட்டுக் கலப்பை மம்பட்டி மாதிரி. மண்ணை வெட்டிப் புரட்டும். புல்லும் வேரும் மண்டின தரிசுக்கு இது ஏற்றது. கஜூ மரத்தடியில் வேண்டாம், பக்க வேர் அறுந்துவிடும்.

கொத்துக் கலப்பை முள்ளு மாதிரி, புரட்டாமல் கிளறிவிடும். வருஷா வருஷம் பயிர் செய்கிற காணிக்கு இது போதும். ஈரமும் அவ்வளவாகக் காயாது.

ரொட்டவேட்டர் மண்ணைத் தூளாக்கும். ஒரு தடவைக்கு மேல் ஓட்டினால் மண் மாவாகிவிடும். பிறகு காற்று அள்ளும், மழை பெய்தால் மேலே ஓடு கட்டும். மற்றக் கலப்பைக்கு மெதுவாகப் போவது நல்லது. இதிலே நேர்மாறு: மெஷின் மெதுவாக நகர்ந்தால் மண் இன்னும் தூளாகும்.

எந்த வேகம்?

தட்டுக் கலப்பைக்கும் கொத்துக் கலப்பைக்கும் மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர் சரியான வேகம். ஒரு ஆள் நடக்கிற வேகம் என்று வையுங்கள். அதற்கு மேலே போனால் இழுவை கூடும், டீசல் கூடும். கலப்பை மேலே எழும்பி, ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் உழும்.

நீங்களே சோதிக்கலாம்

1. காணியில் 20 மீட்டர் அளந்து இரண்டு கம்பு நடுங்கள். ட்ராக்டர் அதைக் கடக்க 18 செக்கன் எடுத்தால் வேகம் 4 கிலோமீட்டர். 12 செக்கன் என்றால் 6.

2. உழுத சாலில் பத்து இடத்தில் குச்சி வைத்து ஆழம் பாருங்கள். பத்தும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

3. பின் சக்கரத்தில் சுண்ணாம்பால் அடையாளம் போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு 10 சுற்றில் 40 மீட்டர் போகிற வண்டி, உழும்போது 34 மீட்டருக்கும் குறைவாகப் போனால் சக்கரம் வழுக்குகிறது. டீசல் வீண்.

கூலி ஏக்கர் கணக்கில் என்றால் ஓட்டுகிறவருக்கு வேகத்தில் லாபம், காணிக்காரருக்கு ஆழத்தில் லாபம். ஆகவே கலப்பை எது, ஆழம் எத்தனை அங்குலம் என்பதை வேலை தொடங்குமுன்பே பேசி முடிவு செய்யுங்கள். முதல் சாலிலேயே குச்சி வையுங்கள். ஏக்கர் முழுவதும் உழுத பிறகு சண்டை பிடித்து என்ன பயன்?