கோட்டையும் கேளிக்கைப் பூங்காவும்

கேள்வி: தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்கா மூடப்பட்டதாக வாசித்தேன். நம் யாழ்ப்பாணக் கோட்டையும் பாதி திறந்து, பாதி சிதைந்தே கிடக்கிறதே. இரண்டும் ஒரே கதைதானா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அன்று. கேளிக்கைப் பூங்கா இயந்திரங்களை நம்பி வாழ்வது. 2016இல் கிஷ்கிந்தாவில் நேர்ந்தது போன்ற ஓர் உயிர்ச்சேதம் ஜனங்களின் நம்பிக்கையைக் குலைத்துவிடின், பிறகு அனுமதிச் சீட்டை யார் வாங்குவர்? போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் கைப்பற்றி, ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விஸ்தரித்துக் கட்டிய நமது கோட்டையோ, 1990ஆம் ஆண்டு முற்றுகையிலும் அதன்பின் வந்த யுத்த வருஷங்களிலும் சிதறுண்டு, 1706இல் எழுந்த தேவாலயத்தையும் பறிகொடுத்து, இன்று ஒல்லாந்து தேசத்தின் உதவியாலும் தொல்பொருள் திணைக்களத்தாரின் பிரயாசையாலும் மதில்களளவில் மீண்டு நிற்கிறது.

வேலை மந்தமாக நடப்பதற்குக் காரணமும் உண்டு. மதில் முருகைக்கல்லாலானது, அக்கல்லைக் கடலில் அகழ்வது இப்போது சட்டவிரோதம். தேவாலயத்தைப் புதிதாகவே எழுப்பிவிடலாமே என்பீர்களாயின், வேண்டாமென்பேன். புதுச் சீமெந்துத் தேவாலயம் கிஷ்கிந்தாவின் வகையைச் சேர்ந்ததாகிவிடும். பண்ணைக் கடற்காற்றுக்காக மாலையில் கொத்தளமேறுவோருக்கு, பழைய கட்டடத்தின் வரைபடமொன்றும் சிறிது நிழலும் போதும்.